எந்த எண்ணைப் பின்தொடர்வது? பெருந்தொற்றுத் தரவில் ஐந்து அளவுகளின் ஒப்பீடு

வகுப்புகளைத் தொடரலாமா என்று யோசிக்கும் பள்ளி நிர்வாகி, அடுத்த வாரம் படுக்கை போதுமா என்று கணக்குப் போடும் மருத்துவமனை மேலாளர், மொத்தத்தில் எத்தனை உயிர் போனது என்று எழுத உட்காரும் பத்திரிகையாளர். மூவரும் திறப்பது பெரும்பாலும் ஒரே டாஷ்போர்டு. முதலில் கண்ணில் படுவதும் ஒரே எண்தான்: இன்றைய புதிய பாதிப்பு. மூவரில் யாருடைய கேள்விக்கும் அது நேரடியான பதில் இல்லை. சரி, வேறு எதைப் பார்ப்பது என்று தேடப் போனால் பாசிட்டிவிட்டி, ஐசியு, மிகை இறப்பு, கழிவுநீர் என்று பக்கத்துக்கு ஒரு வரைபடம் வந்து நிற்கும். அவை ஒன்றுக்கொன்று முரண்படும்போது எதை நம்புவது என்பதில்தான் பலரும் சிக்கிக்கொள்கிறார்கள்.

இங்கே ஐந்து அளவுகளை எடுத்துக்கொள்கிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் கோவிட்-19 காலத்தவை. அதற்கு முன் எந்த நோய்க்கும் உலகம் முழுவதும் இவ்வளவு தரவு நாள்தோறும் வெளிவந்ததில்லை. முறை மட்டும் ஃப்ளூவுக்கும் பொருந்தும், அடுத்து எது வந்தாலும் அதற்கும் பொருந்தும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

தாமதம். ஒருவருக்குத் தொற்றிய நாளுக்கும் அவர் உங்கள் வரைபடத்தில் ஒரு புள்ளியாகச் சேரும் நாளுக்கும் இடையே எவ்வளவு காலம்? தொடக்ககால கோவிட் வகைகளில் தொற்றியதிலிருந்து அறிகுறி தெரியவே சராசரியாக 5 நாள் ஆனது. அதன் பிறகு பரிசோதனைக்குப் போக, முடிவு வர, அது பதிவேற்றப்பட என்று நாட்கள் கூடும். அறிகுறி தொடங்கி மருத்துவமனை சேர்க்கைக்கு ஏறத்தாழ ஒரு வாரம், இறப்புக்கு இரண்டு முதல் மூன்று வாரம்.

எண்ணும் முறையின் நிலைத்தன்மை. இங்கே சொல்லும் ஐந்து அளவுகோல்களில் ஒன்றைத்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் பாருங்கள். வெளிவரும் எந்த எண்ணிலும் நோயும் இருக்கிறது, அதை எண்ணும் அமைப்பும் இருக்கிறது. யாருக்குப் பரிசோதனை, எதை இறப்பு என்று சேர்ப்பது, எந்த ஆய்வகம், எந்த மென்பொருள் என்பதில் எது மாறினாலும் கோடு ஏறும் அல்லது இறங்கும். நோய் அப்படியே இருக்கும்.

பகுதி, அதாவது பின்னத்தின் கீழ் எண். எத்தனையில் எத்தனை? லட்சம் மக்களுக்கா, நூறு பரிசோதனைக்கா, இருக்கும் படுக்கைகளிலா?

பின்திருத்தம். நேற்று வெளியான எண் அடுத்த மாதம் எவ்வளவு மாறியிருக்கும்?

உங்கள் உழைப்பு. தரவைச் சுத்தம் செய்ய வாரத்துக்கு எத்தனை மணி நேரம் பிடிக்கும்? இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. பாதியில் கைவிடப்படும் கண்காணிப்புத் தாள்கள் பெரும்பாலும் இதனால்தான் கைவிடப்படுகின்றன.

## 1. தினசரி புதிய பாதிப்பு

எளிதில் கிடைப்பது, வேகமாக வருவது, எல்லோருக்கும் புரிவது. நிலைத்தன்மையில்தான் இது தோற்கிறது.

சீனாவின் ஹூபெய் மாகாணத்தில் 2020 பிப்ரவரி 13 அன்று ஒரே நாளில் 14,840 புதிய பாதிப்புகள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் 13,332 ஆய்வகச் சோதனையில் உறுதியானவை அல்ல. நுரையீரல் ஸ்கேன் போன்ற மருத்துவ அடையாளங்களை வைத்துக் கண்டறியப்பட்டவர்களையும் அன்றிலிருந்து சேர்த்தார்கள். வரைபடத்தில் அது ஒரு செங்குத்துக் கோபுரம். அன்று தொற்று வெடிக்கவில்லை, வரையறை மாறியது.

இங்கிலாந்தில் நடந்தது இன்னும் சாதாரணமான கோளாறு. ஆய்வகத்திலிருந்து வந்த கோப்புகளைப் பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றினார்கள். அந்த வடிவம் ஒரு தாளில் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பாதிப்புகள் தினசரிக் கணக்கில் வரவில்லை. பிறகு மொத்தமாகச் சேர்த்தபோது திடீர் உயர்வு போலத் தெரிந்தது. அதைவிட மோசம், அவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணி அத்தனை நாள் தள்ளிப்போனது.

அன்றாடத்தில் அதிகம் ஏமாற்றுவது தேதிதான். செய்தியில் வருவது அறிவிக்கப்பட்ட தேதிப்படியான எண். மாதிரி எடுத்த தேதிப்படி அடுக்கிய அட்டவணை கிடைத்தால் அதையே எடுங்கள். ஆனால் அதில் வேறொரு பொறி இருக்கிறது: கடைசி மூன்று நான்கு நாட்கள் எப்போதும் இறங்குமுகமாகவே தெரியும். அந்த நாட்களில் எடுத்த மாதிரிகளின் முடிவுகள் இன்னும் வந்து சேரவில்லை, அவ்வளவுதான். "அலை ஓய்கிறது" என்ற அவசரத் தலைப்புகளில் பல இந்த வால்பகுதியை நம்பி எழுதப்பட்டவை.

வார இறுதியில் ஆய்வகங்கள் மெதுவாக ஓடும். திங்கள் எண் தாழும், செவ்வாய் புதன் ஏறும். இதைச் சரிசெய்ய ஏழு நாள் சராசரி போடுகிறோம். முந்தைய ஏழு நாட்களை எடுத்துப் போடும் சராசரி உண்மைப் போக்கைவிட மூன்று நாள் பின்தங்கியே நிற்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. ஏற்கெனவே பத்து நாள் பழைய செய்தியோடு இன்னும் மூன்று நாள்.

சராசரியைவிடப் பயனுள்ளது வாரத்துக்கு வார விகிதம். இந்த வார மொத்தத்தைச் சென்ற வார மொத்தத்தால் வகுக்கவும். 1,400 வகுத்தல் 1,000 என்றால் 1.4. இதே வேகம் நீடித்தால் இரட்டிப்பாக ஏறத்தாழ 14 நாள் பிடிக்கும். விகிதம் 2 என்றால் 7 நாள். பரிசோதனையில் பத்தில் ஒரு தொற்றுதான் சிக்குகிறது என்றாலும், அந்தப் பங்கு மாறாத வரை இந்த விகிதம் சரியாகவே இருக்கும். பாதிப்பு எண்ணின் உண்மையான பயன் இதில்தான் இருக்கிறது.

மறைசெலவு: திருத்தங்கள் வரும்போது நாள் எண் எதிர்மறையாகக்கூட மாறும். அதைப் பூஜ்யம் என்று மாற்றி எழுதினால் மொத்தம் தவறாகிவிடும். திருத்தம் எந்த நாட்களுக்கு உரியது என்று அறிவிப்பில் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அந்த வாரத்தை விகிதக் கணக்கிலிருந்து விட்டுவிடுவது நல்லது.

எப்போது இது சரி: கடந்த ஒரு மாதமாகப் பரிசோதனை விதி மாறவில்லை, பரிசோதனை எண்ணிக்கையும் பெரிதாக மாறவில்லை, ஒரே ஊரை அதே ஊரின் சென்ற வாரத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்ற நிலையில். வீட்டிலேயே சோதித்துக்கொள்ளும் கிட்டுகள் பரவலானதும், முடிவை யாரும் பதிவு செய்யாததால், இந்த எண்ணுக்கு மதிப்புக் குறைந்துவிடும். இரண்டு நாடுகளை ஒப்பிட இதை எடுக்கவே வேண்டாம்.

## 2. பாசிட்டிவிட்டி விகிதம்

நூறு பரிசோதனையில் எத்தனை உறுதியாகின்றன என்பது. 2020 மே மாதம் உலக சுகாதார நிறுவனம், கட்டுப்பாடுகளைத் தளர்த்தும் முன் இது 14 நாளாவது 5 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த 5 பிறகு மந்திர எண் போல ஆகிவிட்டது. யாரைப் பரிசோதிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து எந்தப் பக்கமும் நகரக்கூடிய எண் அது. 4,000 பரிசோதனையில் 200 உறுதி என்றால் 5 சதவீதம். அதே வாரம் அறிகுறியே இல்லாத 6,000 பயணிகளைச் சோதித்து அதில் 30 பேருக்கு உறுதியானால், மொத்தம் 10,000-இல் 230, விகிதம் 2.3 சதவீதம். ஊருக்குள் ஒன்றும் மாறவில்லை.

பகுதியிலும் குழப்பம் உண்டு. மேலே நபர்களையும் கீழே பரிசோதனைகளையும் வைத்துக் கணக்கிடும் இடங்கள் இருக்கின்றன. ஒருவருக்கே குணமாகும் வரை நான்கு முறை சோதித்தால் கீழ் எண் மட்டும் வீங்கும். ஆர்டிபிசிஆரையும் ஆன்டிஜன் சோதனையையும் கலந்து கூட்டுவதும் நடக்கும்.

இதைத் தனியாகப் பார்க்காமல் பாதிப்பு எண்ணின் துணையாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறினால் பரவல் உண்மை. பாதிப்பு மட்டும் ஏறி விகிதம் அசையாமல் இருந்தால், கூடுதல் பரிசோதனையின் விளைவாக இருக்கலாம். பாதிப்பு இறங்கி விகிதம் ஏறினால் கவலைப்பட வேண்டிய நேரம்: பரிசோதனை சுருங்கிவிட்டது, எண் குறைந்தது அதனால்தான்.

## 3. மருத்துவமனை சேர்க்கை

மூச்சுத் திணறலோடு வருபவர் பரிசோதனைக் கொள்கையைப் பார்த்து வருவதில்லை. அதனால் பாதிப்பு எண்ணைவிட இது நிலையானது. ஒரு வாரம் போலத் தாமதமாகும், ஆனால் கிடைக்கும் எண்ணை நம்பலாம்.

இரண்டு எண்களைக் கலக்கக் கூடாது: இன்று புதிதாகச் சேர்ந்தவர்கள், இன்று படுக்கையில் இருப்பவர்கள். நாளுக்கு 50 பேர் சேர்ந்து ஒவ்வொருவரும் சராசரியாக 10 நாள் தங்கினால், எந்த நாளிலும் 500 படுக்கை நிரம்பியிருக்கும். சேர்க்கை 80-ஆக ஏறினால் படுக்கை உடனே 800 ஆகாது. ஏறக்குறைய பத்து நாளில்தான் அங்கே போய் நிற்கும். அதாவது படுக்கை நிலவரத்தை மட்டும் பார்ப்பவருக்கு எச்சரிக்கை பத்து நாள் தாமதமாக வருகிறது. இறங்கும்போதும் அப்படியே: சேர்க்கை பாதியாகிவிட்ட பிறகும் வார்டு நிரம்பியே இருக்கும். போக்கு தெரிய சேர்க்கை, இடம் தெரிய படுக்கை.

மிகவும் ஆபத்தான தவறு அலை உச்சத்தில் நடக்கிறது. படுக்கைகள் நிரம்பியதும் யாரைச் சேர்ப்பது என்ற வரம்பு உயரும். முன்பு சேர்த்திருக்கக் கூடியவரை மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புவார்கள். சேர்க்கைக் கோடு தட்டையாகும். வெளியே இருந்து பார்த்தால் அலை நின்றது போலத் தோன்றும். நிரம்பிய பாத்திரத்தில் இன்னும் ஊற்றினாலும் மட்டம் உயராது என்பது போலத்தான். இந்தச் சமயத்தில் சேர்ப்பவர்களின் ஆக்சிஜன் அளவு, நேரடியாக ஐசியுவுக்குப் போகிறவர்களின் பங்கு, அவசரப் பிரிவில் காத்திருக்கும் நேரம் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைச் சேர்த்துப் பார்க்காமல் தட்டையான கோட்டை நம்ப வேண்டாம்.

ஓமிக்ரான் காலத்தில் இன்னொரு சிக்கல் பெரிதானது. கால் முறிவுக்கோ பிரசவத்துக்கோ வந்தவரை வழக்கப்படி சோதித்ததில் கோவிட் தெரிந்தால் அவரும் கணக்கில் சேர்ந்தார். கோவிட்டால் வந்தவர், கோவிட்டோடு வந்தவர் என்று பிரித்துத் தரும் இடத்தில் முதல் வகையை எடுங்கள். பிரிக்காத இடத்தில், ஆக்சிஜன் அல்லது வென்டிலேட்டர் தேவைப்பட்டவர்களின் எண் நல்ல மாற்று. ஆனாலும் இரண்டாம் வகையை முற்றாக ஒதுக்கிவிட முடியாது. தனிமை வார்டும் கூடுதல் ஊழியர்களும் அவர்களுக்கும் வேண்டும்.

மறைசெலவு: "காலிப் படுக்கை" என்ற எண். கட்டில் இருக்கும், பார்த்துக்கொள்ள செவிலியர் இருக்க மாட்டார். ஊழியர் உள்ள படுக்கை எத்தனை என்று கேட்டு வாங்காவிட்டால் பகுதியே தவறு.

எப்போது இது சரி: வளம் ஒதுக்கும் எந்த முடிவுக்கும். பரிசோதனை குறைந்துபோன பிறகு, பொதுமக்களுக்கான ஒரே எண்ணாகவும் இதைத்தான் சொல்வோம்.

## 4. இறப்பு: அறிவிக்கப்பட்டதும் மிகையும்

இறப்பை மறைக்க முடியாது, ஆகவே அதுதான் உறுதியான எண் என்று பலர் நினைக்கிறார்கள். இறந்தார் என்பது உறுதி. எதனால் என்பது வரையறை.

இங்கிலாந்தில் முதலில், எப்போதாவது கோவிட் உறுதியான யார் இறந்தாலும், எத்தனை நாள் கழித்து இறந்தாலும், கணக்கில் சேர்ந்தார். 2020 ஆகஸ்ட் 12 அன்று, உறுதியாகி 28 நாளுக்குள் இறந்தவர்கள் மட்டும் என்று மாற்றினார்கள். பிரிட்டனின் மொத்தம் 46,706-இலிருந்து 41,329-ஆகக் குறைந்தது. ஒரே நாளில் 5,377 குறைவு. பெருவில் எதிர்த்திசை. 2021 மே 31 அன்று வரையறையை விரிவாக்கியபோது 69,342 என்றிருந்த மொத்தம் 1,80,764 ஆனது. இரண்டரை மடங்குக்கும் மேல். முந்தைய நாள் வரை அந்தப் பழைய எண்ணை வைத்துக்கொண்டு நாடுகளைத் தரவரிசைப்படுத்தியவர்கள் ஏராளம்.

அறிவிக்கப்பட்ட இறப்பை அறிவிக்கப்பட்ட பாதிப்பால் வகுத்து "இறப்பு விகிதம்" என்று சொல்வதையும் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். இன்று இறந்தவர் மூன்று வாரத்துக்கு முன் தொற்றியவர்களில் ஒருவர். அலை ஏறும்போது கீழ் எண் முந்தி ஓடுவதால் விகிதம் பொய்யாகக் குறையும். இறங்கும்போது பொய்யாகக் கூடும்.

மிகை இறப்பு இந்தச் சண்டையைத் தவிர்க்கிறது. காரணம் கேட்காமல், எல்லா இறப்புகளையும் எண்ணி, வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய எண்ணைக் கழிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2022 மே மாதம் வெளியிட்ட மதிப்பீட்டில் 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் உலகில் மிகை இறப்பு 1.49 கோடி, மதிப்பீட்டு வரம்பு 1.33 கோடி முதல் 1.66 கோடி வரை. அதே காலத்தில் நாடுகள் அறிவித்த கோவிட் இறப்பு 54 லட்சம் அளவுதான். இந்த இடைவெளி புதியதும் அல்ல. 2009 எச்1என்1 ஃப்ளூவில் ஆய்வகத்தில் உறுதியான இறப்பு ஏறத்தாழ 18,500. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் தலைமையில் 2012-இல் வெளியான மதிப்பீடு 1,51,700-க்கும் 5,75,400-க்கும் இடையே.

இதன் பலவீனம் "வழக்கமாக எதிர்பார்க்கக்கூடிய" என்ற சொல்லில் ஒளிந்திருக்கிறது. பலர் செய்வது 2015 முதல் 2019 வரை ஐந்தாண்டுச் சராசரி. மக்கள்தொகை முதுமையடையும் இடத்தில் இது தவறாகப் போகும். இறப்புகள் ஆண்டுக்கு 2 சதவீதம் கூடிவரும் ஓரிடத்தில் 2019-இல் 1,00,000 பேர் இறந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாண்டுச் சராசரி ஏறத்தாழ 96,150. ஆனால் எந்தத் தொற்றும் இல்லாமலே 2020-இல் 1,02,000 பேர் இறந்திருப்பார்கள். சராசரியை நம்பினால் ஏறத்தாழ 5,850 பேர் இல்லாத மிகையாகச் சேர்கிறார்கள். ஐந்தாண்டுப் போக்குக்கு ஒரு நேர்கோடு பொருத்தி அதை 2020-க்கு நீட்டுவது குறைந்தபட்சத் திருத்தம். விரிதாளில் அதற்கான சார்பு தயாராகவே இருக்கிறது.

இன்னும் சில பொறிகள்:

- 2020-ஆம் ஆண்டுக்கு 53 வாரங்கள். 52 வார ஆண்டுகளோடு வாரம் வாரமாக ஒப்பிட்டால் கடைசி வாரம் முழுவதும் மிகையாகத் தோன்றும், அல்லது விடுபட்டுப்போகும்.
- இறப்புப் பதிவு முழுமையாக நடக்காத இடத்தில், பதிவு 85 சதவீதத்திலிருந்து 92-ஆக மேம்பட்டாலே மிகை இறப்பு போலத் தெரியும். பதிவு அலுவலகங்கள் மூடியிருந்தால் எதிர்மாறாக நடக்கும்.
- வெப்ப அலையும் இதில் சேரும். சாலை விபத்துகள் குறைந்தது கழியும். மிகை இறப்பு முழுவதையும் வைரஸின் கணக்கில் எழுதக் கூடாது.

மறைசெலவு: காத்திருப்பு. ஓரளவு முழுமையான எண் வர, பதிவு வேகமாக நடக்கும் இடங்களில் சில வாரம். மற்ற இடங்களில் ஓராண்டுக்கு மேல்கூட ஆகும்.

எப்போது இது சரி: நடந்து முடிந்ததை மதிப்பிட, நாடுகளை ஒப்பிட. அடுத்த வாரம் என்ன செய்வது என்ற கேள்விக்கு இது எந்த வகையிலும் உதவாது. எழுதும்போது ஒற்றை எண்ணை விட்டுவிட்டு வரம்பையும் சேர்த்து எழுதுங்கள்.

## 5. கழிவுநீர்க் கண்காணிப்பு

தொற்றியவர்களின் மலத்தில் வைரஸின் மரபணுத் துணுக்குகள் வெளியேறும். அறிகுறி இல்லாதவருக்கும் அப்படித்தான். சுத்திகரிப்பு நிலையத்துக்கு வரும் நீரை ஆய்வகத்தில் சோதித்தால், யாரும் மருத்துவரிடம் போகாமலே ஓர் ஊரின் போக்கு தெரியும். போலியோவுக்கு இது பழகிய முறை. 2013-இல் இஸ்ரேலில் ஒருவருக்குக்கூட வாதம் வராத நிலையில் கழிவுநீரில் போலியோ வைரஸ் சிக்கியது. 2022-இல் லண்டனிலும் அப்படியே.

பரிசோதனைக் கொள்கை எப்படி மாறினாலும் இது அசையாது என்பதுதான் இதன் பெரிய பலம். பாதிப்பு எண்ணைவிடச் சில நாள் முந்தும் என்பார்கள். பரிசோதனை மும்முரமாக நடக்கும் இடத்தில் அந்த முன்னிலை ஏறக்குறைய மறைந்துவிடும். பரிசோதனை சோர்ந்துபோன காலத்தில்தான் முழுப் பயன்.

எண்ணைப் பயன்படுத்தும் முன் மூன்றைக் கேளுங்கள். ஒன்று, மாதிரி 24 மணி நேரத்தில் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்ததா, ஒரே தடவை மொண்டதா? மொண்டது என்றால் காலைக்கும் மாலைக்கும் எண் வேறுபடும். இரண்டு, மழைநீர் கலந்து நீர்த்துப்போவதைச் சரிசெய்தார்களா? ஓட்ட அளவைக் கொண்டு திருத்துவது ஒரு வழி. இன்னொரு வழி வேடிக்கையானது: மிளகாய்ச் செடியைத் தாக்கும் ஒரு வைரஸ், நாம் சாப்பிடும் மிளகாய் வழியாக நம் மலத்தில் ஏராளமாக வெளியேறுகிறது. அதன் அளவைக் கழிவுநீரில் மனிதக் கழிவு எவ்வளவு என்பதற்கு அளவுகோலாக வைத்து வகுக்கிறார்கள். மூன்று, இடையில் ஆய்வகமோ முறையோ மாறியதா? மாறியிருந்தால் முந்தைய எண்களோடு ஒப்பிடவே முடியாது. கோட்டை அங்கே வெட்டிவிடுங்கள்.

லிட்டருக்கு இத்தனை மரபணுப் பிரதிகள் என்று வரும் எண்ணைத் தொற்றியவர்களின் எண்ணிக்கையாக மாற்ற முயல வேண்டாம். ஆளுக்கு ஆள் வெளியேற்றம் பல மடங்கு வேறுபடும். குணமான பிறகும் வாரக்கணக்கில் தொடரும். அதனால் அலை இறங்குவதையும் இது தாமதமாகவே காட்டும். ஒற்றை மாதிரி இரட்டிப்பானால் பொருட்படுத்த வேண்டாம். தொடர்ந்து மூன்று மாதிரி ஏறினால் எடுத்துக்கொள்ளலாம். வரைபடம் மடக்கை (லாக்) அளவில் இருக்கட்டும்.

மறைசெலவு: பாதாளச் சாக்கடையோடு இணையாத வீடுகள், செப்டிக் டேங்க் உள்ள பகுதிகள் இந்தக் கணக்கிலேயே இல்லை. ஒரு நிலையத்தின் எண் எந்தத் தெருக்களைக் குறிக்கிறது என்று தெரியாமல் பயன்படுத்தினால், உங்கள் ஊரின் பெயரில் வேறு யாருடைய நிலவரத்தையோ பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

## அட்டவணையாக

| அளவு | தொற்றியதிலிருந்து தாமதம் | எண்ணும் முறை எப்போது மாறும் | பின்திருத்தம் | ஏற்ற கேள்வி |
|---|---|---|---|---|
| தினசரி பாதிப்பு | 1 முதல் 2 வாரம் | பரிசோதனை விதி மாறும்போதெல்லாம் | கடைசி நாட்களில் அதிகம் | வாரத்துக்கு வார வேகம் |
| பாசிட்டிவிட்டி | 1 முதல் 2 வாரம் | யாரைச் சோதிக்கிறார்கள் என்பது மாறும்போது | நடுத்தரம் | பாதிப்பு எண்ணை நம்பலாமா |
| மருத்துவமனை சேர்க்கை | ஏறத்தாழ 2 வாரம் | படுக்கை நிரம்பும்போது | குறைவு | வளம் ஒதுக்கீடு |
| அறிவிக்கப்பட்ட இறப்பு | 3 முதல் 5 வாரம் | வரையறை திருத்தப்படும்போது | திடீர், பெரியது | அதே இடத்தில் அலையின் கடுமை |
| மிகை இறப்பு | மாதங்கள் | அடிப்படைக் கணக்கைப் பொறுத்து | மெதுவாக, தொடர்ந்து | மொத்தப் பாதிப்பு, நாடுகளுக்கிடை ஒப்பீடு |
| கழிவுநீர் | ஒரு வாரம் போல | ஆய்வக முறை மாறும்போது | குறைவு | பரவல் தொடங்கிவிட்டதா |

இரத்தத்தைச் சோதித்து முன்பு யாருக்குத் தொற்று வந்துபோனது என்று பார்க்கும் எதிர்ப்பொருள் ஆய்வைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அது ஒரு காலகட்டத்தின் படம், தொடர்ந்து பார்க்கும் அளவு அல்ல. தொற்று அரிதாக இருக்கும்போது தவறாகவும் பேசும்: 10,000 பேரில் 100 பேருக்கே தொற்று வந்திருக்க, 90 சதவீதம் கண்டுபிடிக்கும் திறனும் 98 சதவீதம் சரியாக விலக்கும் திறனும் உள்ள சோதனை 90 பேரைச் சரியாகவும் 198 பேரைத் தவறாகவும் காட்டும்.

## எங்கிருந்து எடுப்பது

அரசு சுகாதாரத் துறையின் நேரடி அறிக்கை, உலக சுகாதார நிறுவனத்தின் தொகுப்பு, தன்னார்வ அல்லது பல்கலைக்கழகத் தொகுப்பு என்று மூன்று வழி. மூன்றாவதுதான் பயன்படுத்த எளிது, நின்றுபோவதும் அதுதான். அமெரிக்கத் தரவைத் திரட்டிய கோவிட் டிராக்கிங் புராஜெக்ட் 2021 மார்ச் 7 அன்று நிறுத்திக்கொண்டது. உலகமே பார்த்துக்கொண்டிருந்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத் தொகுப்பு 2023 மார்ச் 10 அன்று நின்றது. அதை நம்பியிருந்த ‘அவர் வேர்ல்ட் இன் டேட்டா’ (Our World in Data) என்ற தரவுத் தளம் உலக சுகாதார நிறுவனத்தின் தரவுக்கு மாறியது. மாறிய நாளில் சில நாடுகளின் மொத்தங்கள் பொருந்தாது. இரண்டு மூலங்களை ஒரே கோட்டில் ஒட்டாதீர்கள். ஆண்டுக்கணக்கில் ஓட வேண்டிய வேலை என்றால் அரசு மூலத்தோடு மல்லுக்கட்டுவதே மேல்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸின் பழைய கோப்புகளை எடுப்பவர்கள் கவனிக்க இரண்டு. தேதிகள் பக்கவாட்டில் பத்திகளாக இருக்கும், எண்கள் ஒட்டுமொத்தம். நாள் எண்ணுக்கு முந்தைய நாளைக் கழிக்க வேண்டும். தேதி அமெரிக்க முறையில் மாதம் முதலில் வரும். நாள் முதலில் வரும்படி அமைத்த கணினியில் 3/4/20 என்பது மார்ச் 4-க்குப் பதில் ஏப்ரல் 3 ஆகிவிடும். 12-க்கு மேற்பட்ட நாட்கள் தேதியாகவே ஏறாது. பாதி வரி சரியாகத் தெரிவதால் இந்தப் பிழை பல வாரம் கண்ணில் படாமல் ஓடும்.

## உங்கள் கேள்விக்கு எது

பள்ளி, அலுவலகம் நடத்துபவர்: ஊருக்குக் கழிவுநீர்த் தரவு இருந்தால் அதை முதல் அளவாகவும், சேர்க்கையைத் துணையாகவும் வையுங்கள். இல்லையென்றால் பாதிப்பின் வார விகிதமும் பாசிட்டிவிட்டியும். முடிவை மாற்றும் வரம்பை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுங்கள், உதாரணமாக இரண்டு வாரம் தொடர்ந்து விகிதம் 1.3-க்கு மேல் என்று. எண்ணைப் பார்த்த பிறகு வரம்பு வைத்தால் அது எப்போதும் வசதியான பக்கமே சாயும்.

மருத்துவமனை மேலாளர்: சேர்க்கை, சராசரி தங்கும் நாள், ஊழியர் உள்ள படுக்கை. மற்றதெல்லாம் பின்னணி. புதிய வகை வைரஸ் வந்தால் தங்கும் நாளும் மாறலாம். மாதம் ஒருமுறை அதைத் திரும்பக் கணக்கிடுங்கள்.

வீட்டில் முதியவரோ எதிர்ப்பு சக்தி குறைந்தவரோ இருப்பவர் தினமும் பார்க்கத் தேவையே இல்லை. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், ஊரின் பரவல் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரிந்தால் போதும்.

பத்திரிகையாளருக்கு மிகை இறப்பு, வரம்போடு. அலை நடந்துகொண்டிருக்கும்போதே எழுத வேண்டியிருந்தால் சேர்க்கை எண். இறப்பு எண்ணை எடுத்தால் வரையறையை அதே பத்தியில் சொல்லிவிடுங்கள்.

எதைத் தேர்ந்தாலும் தாளில் இரண்டு தேதிப் பத்திகள் இருக்கட்டும்: நிகழ்வு நடந்த தேதி, நீங்கள் கோப்பை இறக்கிய தேதி. இறக்கிய மூலக் கோப்பை மாற்றாமல், இறக்கிய தேதியைப் பெயரில் சேர்த்து, தனியாகச் சேமியுங்கள். நான்கு வாரம் கழித்துப் பழைய கோப்புகளைப் புதியதோடு ஒப்பிட்டால், உங்கள் மூலம் எத்தனை நாளில் நிறைவடைகிறது என்று தெரியும். மூன்று நாள் பழைய எண்ணாக முதலில் 120 என்று வந்தது கடைசியில் 200-ஆக நின்றது என்றால், மூன்றாம் நாளில் நிறைவு 60 சதவீதம். எந்த நாளில் அது 90 சதவீதத்தைத் தாண்டுகிறதோ அங்கே வரைபடத்தை வெட்டிவிடுங்கள்; அதற்குப் பிந்தைய நாட்களை வரையவே வேண்டாம், புள்ளிக்கோட்டில்கூட.